‘கே’யா, ‘ஜி’யா?

மக்ளே,

உன் மெசேஜ் கிடைத்தது. “அப்பா, உங்க பேரு இங்கிலீஷ்ல எப்பிடி?” ஒரே வரி. மாப்பிள்ளையைப் பற்றி ஒன்றுமில்லை. அம்மை இரண்டு தடவை வாசித்துவிட்டு அடுக்களைக்குள் போனவள்தான், இன்னும் வெளியே வரவில்லை.

தங்கப்பனில் ‘ங்க’ வருகிற இடத்துக்கு ‘கே’ போடு. மலையாளத்து வழக்கம் அது. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு கிடந்த நம் பக்கத்தில் அதுதான் நிலைத்தது. மதுரைக்காரன் ‘ஜி’ போடுவான். பெயர் ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு ஆள்.

பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, விரித்து எழுத வேண்டும். சர்நேம் கட்டத்தில் என் பெயர், கிவன் நேம் கட்டத்தில் உன் பெயர். கல்யாணத்துக்குப் பிறகு சர்நேம் கட்டத்தில் மாப்பிள்ளை பெயரைத்தானே போட்டாய்? ஏன் என்று நான் கேட்கவில்லை. கடைசிப் பக்கத்திலும் அப்பா, அம்மைக்குக் கீழே கணவன் பெயர் இருக்கும். அதை எடுக்க விவாகரத்துத் தீர்ப்பின் நகல் கேட்பார்கள். பொதுவாகச் சொன்னேன்.

நீ இருக்கிற ஸ்வீடனில் ஆன்டர்சன் என்றால் ஆன்டர்ஸின் மகன். முன்பெல்லாம் மகளை ஆன்டர்ஸ்டோட்டர் என்பார்கள். 1901-இல் குடும்பத்துக்கு ஒரே நிலையான பெயர் என்று சட்டம் வந்தது. இப்போது பெண்பிள்ளையும் ‘மகன்’தான்! ஐஸ்லாந்தில் இன்றும் பெரும்பாலும் அது தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது, நம் இனிஷியல் மாதிரி. என் பெயரை நீ சர்நேம் ஆக்கினால் அது உன்னோடு நிற்காது, பேரனுக்கும் ஒட்டிவிடும். தாத்தாவின் ஆதாரத்தில், அதாவது நிலப் பத்திரத்தில், வீட்டுப்பேரும், இன்னார் மகன் என்பதும்தான் அடையாளம். அதுவே போதுமாயிருந்தது.

உன் பிளஸ் டூ சர்டிபிகேட்டில் என் பெயருக்கு ‘ஜி’ இருக்கும். பள்ளியில் சேர்த்த அன்று அவசரத்தில் நான் எழுதியது. ஊரார் ஆதாரத்தில் ஒரு எழுத்துப் பிசகினால் முழுப் பத்திரத்தையும் மாற்றி எழுதுகிறவன், பெற்ற பிள்ளைக்கு அதைப் பார்க்கவில்லை. நீ பிளஸ் டூ முடித்தபோதே தெரியும். திருத்தாமல் விட்டேன். இப்போது இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று நோட்டரியிடம் சத்தியக் கடிதம் வாங்கி அனுப்புகிறேன். என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தக நகலும் கூட வரும். அதில் ‘கே’தான்.

வேறு பேப்பர் ஏதும் வேண்டுமென்றால், எதுவானாலும், சொல்லு. அம்மைக்கு நாளைக்கு ஒரு போன் போடு. ‘கே’, மறக்காதே.

அப்பா