பம்பிங் நார்மல்னா ஹார்ட் நார்மல்னு அர்த்தம் இல்லைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல ஹார்ட் ஃபெயிலியர் பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன், புது மருந்துங்க பத்தி நல்லாவே எழுதியிருந்தீங்க, ஆனா ஆரம்பத்துலயே "இதயத்தோட பம்பிங் குறையறதுதான் ஹார்ட் ஃபெயிலியர்"னு ஒரு வரி போட்டிருந்தீங்க பாருங்க, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த லெட்டர். அதே வரிய நம்பித்தான் எங்க வீட்ல ஒன்றரை வருஷம் வீணா போச்சு.

அம்மாவுக்கு 71 வயசு. நாலு படி ஏறினா அஞ்சாவது படில நின்னுடுவாங்க, கேட்டா வயசாச்சு இல்லம்பாங்க. ஒரு தலையணை ரெண்டாச்சு, ரெண்டு மூணாச்சு, கடைசில சேர்லயே சாஞ்சு தூங்க ஆரம்பிச்சாங்க. சாயங்காலம் செருப்ப கழட்டினா வார் பதிஞ்ச தடம் படுக்கப் போற வரைக்கும் மறையாது. பயந்துபோய் எக்கோ (இதயத்த பாக்கற ஸ்கேன்) எடுத்தோம், இ.எஃப்ங்கிற பம்பிங் அளவு 60 சதவீதம்னு வந்துச்சு. "பம்பிங் நார்மல், ஹார்ட்ல ஒண்ணுமில்ல, வெயிட்ட மட்டும் குறைங்க"ன்னு அனுப்பிட்டாங்க. அந்த ரிப்போர்ட்ட போட்டோ எடுத்து சொந்தக்காரங்க எல்லாருக்கும் வாட்ஸப்ல அனுப்பினவ நான்தான்.

இ.எஃப்ங்கிறது ஒரு விகிதம், அவ்ளோதான். உதாரணத்துக்கு, இதயத்துக்குள்ள 100 மில்லி ரத்தம் வந்து அதுல 60 வெளிய போனா 60 சதவீதம். இதயம் விறைச்சுப்போய் சரியா விரியாம 70 மில்லிதான் உள்ள வருது, அதுல 42 வெளிய போகுதுன்னு வைங்க, அதுவும் 60 சதவீதம்தான்! ரிப்போர்ட்ல ரெண்டும் ஒரே நம்பர், ஆனா ரெண்டாவது ஆளுக்கு உடம்புக்குப் போற ரத்தம் கம்மி, உள்ள வர வழியில்லாத ரத்தம் பின்னாடி தேங்கி நுரையீரல்ல அழுத்தம் ஏறும், மூச்சு வாங்கும். சுருங்கறதுல கோளாறு இல்ல, விரியறதுலதான் கோளாறு. ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிகள்ல ஏறக்குறைய பாதிப் பேர் இந்த ரகம், வயசானவங்க, பொம்பளைங்க, பிபி இருக்கறவங்க, குண்டா இருக்கறவங்க இதுல ஜாஸ்தி. உங்க கட்டுரைல இந்தப் பாதிப் பேர் இல்லவே இல்ல.

அப்புறம் வேற ஒரு டாக்டர்ட்ட போனோம். அவர் எக்கோ ரிப்போர்ட்ட ஓரமா வச்சுட்டு முதல்ல அம்மா கணுக்கால்ல கட்டைவிரல வச்சு அழுத்தினாரு, எடுத்தப்புறமும் குழி அப்படியே நின்னுச்சு. ரத்தத்துல என்டி-ப்ரோபிஎன்பி டெஸ்ட் எழுதினாரு, இதயச் சுவர் இழுபட்டா சுரக்கற பொருள அளக்கற டெஸ்ட் அது. (இந்த பிஎன்பிய 1988ல ஜப்பான்காரங்க முதல்ல கண்டுபிடிச்சது பன்றியோட மூளைலங்க, அதனாலதான் இதயத்துல சுரக்கறதுக்கு பேர்ல 'பி', அதாவது பிரெயின், மூளை வந்து ஒட்டிக்கிச்சு.) அம்மாவுக்கு அது பார்டர்லதான் இருந்துச்சு. எடை அதிகமா இருக்கறவங்களுக்கு இந்த நம்பர் இயல்பாவே கம்மியா காட்டும், அதனால கம்மியா இருக்குன்னு வியாதி இல்லன்னு விட்டுட முடியாதுன்னாரு. 2018ல அமெரிக்காவோட மேயோ கிளினிக் ஆஸ்பத்திரி ஆளுங்க இந்த ரகத்த கண்டுபிடிக்க ஒரு ஸ்கோர் கொண்டாந்தாங்களாம், பருமன், பிபி மாத்திரை ரெண்டோ அதுக்கு மேலயோ போடறது, 60 வயசு தாண்டினது, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு சொல்ற தாறுமாறான துடிப்பு, நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தம், எக்கோல தெரியற ஃபில்லிங் பிரஷர்ங்கிற இதயம் நிரம்பறப்ப இருக்கற அழுத்தம், எல்லாம் சேத்து 9 மார்க். 6 இல்ல அதுக்கு மேல வந்தா ஏறக்குறைய உறுதி. அம்மா 5, அதாவது ரெண்டுங்கெட்டான். அதனால கதீட்டர்ங்கிற மெல்லிசான குழாய ரத்தக்குழாய் வழியா உள்ள விட்டு, படுத்தபடியே சைக்கிள் மிதிக்க வச்சு, நுரையீரல் பக்கம் தேங்கற பிரஷர பாத்தாங்க. சும்மா படுத்திருக்கப்ப 14, கொஞ்ச நேரம் மிதிச்சதும் 28, அங்க 25 தாண்டினாலே கேஸ் முடிஞ்சுது. எக்கோ எடுக்கறப்ப அம்மா அசையாம படுத்திருந்தாங்க, மூச்சு வாங்கறதோ நடக்கறப்ப, அப்ப அந்த எக்கோல எப்படி எல்லாம் தெரியும் சொல்லுங்க?

இசிஜிய வச்சு ஏஐ பம்பிங் குறைஞ்சத கண்டுபிடிக்குதுன்னு எழுதியிருந்தீங்க, நல்ல விஷயம்தான், ஆனா அதுவும் பம்பிங் குறைஞ்சவங்களுக்குத்தான். எக்கோ வீடியோ ஒண்ண வச்சே இந்த விறைப்பு ரகத்த சந்தேகப்படற ஏஐக்கும் அமெரிக்காவுல 2022லயே அனுமதி குடுத்துட்டாங்க, அத விட்டுட்டீங்க.

மாத்திரைக்கு வரேன். எம்பாக்லிஃப்ளோசின் எழுதிக் குடுத்தாங்க. அது சுகர் மாத்திரையாச்சே, அம்மாவுக்கு சுகரே கிடையாதேன்னு மருந்துக் கடைல கேட்டாங்க, வீட்டுக்கு வந்த சித்தி கேட்டாங்க, கடைசில அம்மாவே கேட்டுட்டு எங்ககிட்ட சொல்லாம மூணு வாரம் போடறத நிறுத்திட்டாங்க. பீரோ சுத்தம் பண்ணறப்பதான் பிரிக்காத அட்டை கிடைச்சுது. அதுக்கப்புறம்தான் இந்த மருந்தோட கதைய உக்காந்து படிச்சேன். 2008ல இருந்து அமெரிக்காவுல, புது சுகர் மருந்து எதுவா இருந்தாலும் அது இதயத்துக்கு கெடுதல் பண்ணலன்னு காட்டச் சொன்னாங்க. அப்படி 2015ல எம்பாக்லிஃப்ளோசின சோதிச்சா, கெடுதல் இல்லங்கிறது போக, ஹார்ட் ஃபெயிலியருக்காக ஆஸ்பத்திரில சேர்றது 35 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு, யாரும் எதிர்பாக்காத ரிசல்ட். அப்புறம் சுகர் இல்லாதவங்களையும் சேத்து பாத்தாங்க. பம்பிங் 40க்கு மேல இருந்த 5,988 பேர வச்சு 2021ல வந்த எம்பரர்-பிரிசர்வ்டு ஆய்வுதான் எங்கம்மா மாதிரி ஆளுங்களுக்கு முதல் தெளிவான வெற்றி. அதுக்கு முன்னாடி 2014ல ஸ்பைரோனோலாக்டோன்ங்கிற மாத்திரை இந்த ரகத்துல ஜெயிக்கல, 2019ல சாக்குபிட்ரில்-வால்சார்டன்ங்கிற மாத்திரை நூலிழைல கோட்டை விட்டுச்சு.

ஆனா அந்த ஆய்வ பத்தி நீங்க "21 சதவீதம் குறைவு"ன்னு மட்டும் போட்டா ஜனங்க நூத்துல 21 பேர் தப்பிச்சாங்கன்னுதான் எடுத்துக்குவாங்க. ரெண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல பாத்ததுல, மாத்திரை போட்டவங்கள்ல 13.8 சதவீதம் பேருக்கும் டம்மி மாத்திரை போட்டவங்கள்ல 17.1 சதவீதம் பேருக்கும் ஆஸ்பத்திரி சேர்க்கையோ இதய மரணமோ நடந்துச்சு, அதாவது நூத்துக்கு மூணு பேர் சொச்சம். அந்த லாபமும் முக்கியமா ஆஸ்பத்திரி சேர்க்கைலதான், சாவு எண்ணிக்கை பெருசா மாறல. எனக்கு இதுவே போதும், ஆஸ்பத்திரில ஒரு வாரம் கிடந்து வந்தா அம்மாவால அடுத்த ரெண்டு மாசம் தனியா குளிக்கக்கூட முடியல. ஆனா நம்பர முழுசா போடுங்க.

2024ல ஃபினெரெனோன்ங்கிற இன்னொரு மாத்திரையோட ஆய்வு வந்துச்சு, அதுல ஹார்ட் ஃபெயிலியர் மோசமாகறதும் இதய மரணமும் சேத்து 16 சதவீதம் குறைவு. 2023ல செமாக்ளூடைட் ஊசிய பருமனா இருக்கற 529 பேருக்கு குடுத்து பாத்தாங்க, எடை குறைஞ்சதோட 6 நிமிஷத்துல நடக்கற தூரமும் 20 மீட்டர் கூடிச்சு. 20 மீட்டர்னு நீங்க சிரிக்கலாம், எங்கம்மாவுக்கு அது படுக்கைல இருந்து பாத்ரூம் போய்ட்டு வர்ற தூரம்.

இன்னொண்ணு, தண்ணிய ஒன்றரை லிட்டர்ல நிறுத்தணும்னு பெட்டிச் செய்தில போட்டிருக்கீங்க. நாங்களும் அளந்துதான் குடுத்தோம், நாக்கு வறண்டு அம்மா சாயங்காலமே ராத்திரி பங்கையும் குடிச்சுட்டு அழுவாங்க. 2025ல நெதர்லாந்துல 504 பேர வச்சு ஃப்ரெஷ்-அப்னு ஆய்வு பண்ணாங்க, நிலையா இருக்கற நோயாளிகளுக்கு இந்தக் கட்டுப்பாட்டால பெரிய வித்தியாசம் ஒண்ணும் தெரியல, தாகக் கஷ்டம்தான் ஜாஸ்தியாச்சு. வீக்கம் ஏறி ஆஸ்பத்திரில இருக்கறவங்க கணக்கு வேற, யாரும் இதப் படிச்சுட்டு தானா மாத்திக்க வேணாம், டாக்டர்ட்ட கேளுங்க. நாங்க கேட்டோம், அளவுப் பாட்டில் இப்ப செடிக்குத் தண்ணி ஊத்தத்தான் ஆகுது.

அந்த முதல் வரிய மட்டும் அடுத்த இதழ்ல திருத்திப் போட்டுடுங்க. அம்மா இப்ப ரெண்டு தலையணைல படுக்கறாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி