மலப் பரிசோதனைக்குப் பிறகு என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

50 வயதைக் கடந்த சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் பெருங்குடல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிய ஆண்டுதோறும் மலப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று தங்கள் நாளிதழ் அவ்வப்போது நினைவூட்டி வருவதை நன்றியோடு படித்து வருகிறேன். சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் இதற்கான பெட்டியை இலவசமாகவே தருகிறது. வீட்டிலேயே இரு வேறு நாள்களில் மாதிரி எடுத்து அனுப்பினால் போதும். ஆனால், அதில் இரத்தம் இருப்பதாக முடிவு வந்தபின் செய்ய வேண்டிய கொலோனோஸ்கோப்பி எனும் குடல் அகநோக்கிச் சோதனையை, அதாவது கேமரா பொருத்திய மெல்லிய குழாயைச் செலுத்திக் குடலின் உட்புறத்தைப் பார்க்கும் சோதனையைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு. பலர் அந்தக் கட்டத்திலேயே நின்றுவிடுகிறார்கள்.

எங்கள் புளோக்கில் வசிக்கும் அக்கா ஒருவருக்கு அப்படியொரு முடிவு வந்தது. “எனக்குப் பல வருஷமா மூலம் இருக்கு, அந்த இரத்தமாத்தான் இருக்கும்” என்று சொல்லி, இன்னொரு பெட்டி வாங்கி மறுபடியும் சோதித்தார்; இம்முறை இரத்தம் இல்லை என்று வந்ததும் நிம்மதியாகிவிட்டார். அந்த நிம்மதிக்கு அடிப்படையே இல்லை என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. குடலில் வளரும் பாலிப் எனும் சதைமொட்டோ புற்றுக்கட்டியோ நாள்தோறும் இரத்தம் கசிவதில்லை. ஆகவே ஒருமுறை இரத்தம் தென்பட்டபின் மறுசோதனையில் தென்படாதது முதல் முடிவை ரத்து செய்துவிடாது. மூலம் இருப்பவருக்குப் பாலிப் இருக்காது என்றும் இல்லை. மகள் வற்புறுத்திக் கொலோனோஸ்கோப்பிக்கு அழைத்துச் சென்றபின், இரண்டு பாலிப்கள் கண்டறியப்பட்டு அந்தச் சோதனையின்போதே அகற்றப்பட்டன.

இரத்தம் இருப்பதாக முடிவு வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அதே வேளையில், இத்தாலியின் வெனெட்டோ வட்டாரத்தில் இத்தகைய முடிவு வந்த 111,000க்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த ஆய்வில், கொலோனோஸ்கோப்பி செய்துகொண்டவர்களில் ஆயிரத்துக்கு 6.8 பேர் பத்தாண்டுகளில் பெருங்குடல் புற்றுநோயால் இறந்திருக்க, செய்துகொள்ளாதவர்களில் அது ஆயிரத்துக்கு 16 பேராக இருந்தது. அமெரிக்காவில் ஏறத்தாழ 70,000 பேரிடம் நடத்தி 2017இல் வெளியிடப்பட்ட மற்றோர் ஆய்வு, பத்து மாதங்களுக்கு மேல் தள்ளிப்போட்டவர்களிடம் புற்றுநோயும், முற்றிய நிலையில் அது கண்டறியப்படுவதும் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. “தீபாவளி முடியட்டும், பேத்தியின் தேர்வு முடியட்டும்” என்று நாள் கடத்துவோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

தயங்குவோரை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. குழாய் உள்ளே செல்வதை நினைத்தாலே வெட்கமும் அச்சமும் வருகின்றன. மயக்க மருந்து தரப்படுவதால் துணைக்கு ஒருவர் வேலையிலிருந்து விடுப்பு எடுக்க வேண்டியிருக்கிறது. செலவு எவ்வளவு, மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்பது புரிவதில்லை. இவற்றைவிடப் பலரையும் திணறவைப்பது குடலைச் சுத்தப்படுத்தும் ஏற்பாடுதான். நார்ச்சத்து குறைந்த உணவைச் சாப்பிடுங்கள் என்று சீட்டில் இருந்தால், நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அது எந்தக் குழம்பு, எந்தப் பொரியல் என்று தெரிய வேண்டாமா? கீரை, முருங்கைக்காய், பருப்பு, கொய்யா வேண்டாம். வெள்ளைச் சோறும் மீனும் முட்டையும் சாப்பிடலாம் என்று தமிழில் சொன்னால் உடனே விளங்கிவிடும். பேதி மருந்துக் கரைசலை இரண்டு தவணையாகப் பிரித்துக் குடித்தால் குடல் நன்றாகச் சுத்தமாகும், குடிப்பதும் எளிது. குடல் சுத்தமாகாவிட்டால் சிறு பாலிப்கள் கண்ணுக்குத் தப்பலாம், சோதனையையே மீண்டும் செய்ய நேரலாம். இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோரும் நீரிழிவு உள்ளோரும் தாங்களாக மாத்திரையை நிறுத்தாமல் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

முடிவைத் தெரிவிக்கும் தொலைபேசி அழைப்பிலேயே கொலோனோஸ்கோப்பிக்கான தேதியையும் குறித்துக் கொடுப்பது எல்லா இடங்களிலும் வழக்கமாக வேண்டும்; ‘மருத்துவரைப் பாருங்கள்’ என்று சொல்லி விட்டுவிட்டால், அந்த அழைப்பை அடுத்த வாரமே மறந்துவிடுபவர்கள் உண்டு. வராதவர்களைத் தாதியர் ஒருவர் அவரவர் மொழியில் மீண்டும் அழைத்து, எதற்காகத் தயங்குகிறார் என்று பொறுமையாகக் கேட்க வேண்டும்.

தங்கள் நாளிதழ் அடுத்த முறை இலவசப் பெட்டி பற்றிய செய்தியை வெளியிடும்போது, இரத்தம் இருப்பதாக முடிவு வந்தால் எங்கே செல்வது, உதவித்தொகை எவ்வளவு, முந்தைய நாள்களில் எதை உண்பது ஆகிய விவரங்களையும் அதே பக்கத்தில் சேர்த்து வெளியிட வேண்டும் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
ஈசூன், சிங்கப்பூர்