அப்பாவின் பர்ஸைத் தைக்கக் கற்றுத் தந்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

அப்பாவின் பர்ஸில் ஒரே ஓர் இடத்தில்தான் நூல் அறுந்தது. இரண்டு மாதத்தில் ஒரு பக்கத் தையல் முழுக்கப் பிரிந்துவிட்டது. புதிது வாங்கித் தருகிறேன் என்றால் கேட்கவில்லை. திண்டுக்கல்லிலிருந்து சிங்கப்பூருக்கு அவர் வேலைக்குக் கிளம்பியபோது தாத்தா வாங்கிக் கொடுத்தது அது.

முதல் நன்றி, இங்கே தேக்கா சந்தைப் பக்கம் அஞ்சடியில், அதாவது கடைகளின் முன்னால் உள்ள நடைபாதையில், செருப்புத் தைக்கும் அண்ணனுக்கு. பசை தடவிக் காசு வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கலாம். "இது மெஷின் தையல்மா. ஒட்டினா நிக்காது. பழைய ஓட்டையிலேயே கையால தைக்கணும், பொறுமையா உக்காந்து செய்யணும்" என்றார். அதைக் கேட்டுத்தான் வட்டாரச் சமூக மன்றத்துத் தோல் கைவினை வகுப்பில் சேர்ந்தேன். நான்கு சனிக்கிழமை.

எங்கள் ஆசிரியர் சீனர், அறுபதைத் தாண்டியவர். அவருக்கு நேரில் நன்றி சொல்லிவிட்டேன், ஆனாலும் தமிழில் ஒருமுறை சொல்ல வேண்டும் போலிருக்கிறது. மெஷின் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். ஒன்று அறுந்தால் மற்றதற்கும் பிடிமானம் போய்விடும். கையால் தைக்கும் சேணத் தையலில் ஒரே நூல், அதன் இரண்டு முனையிலும் ஊசி. இரண்டும் ஒவ்வொரு துளையிலும் எதிரெதிராக நுழைந்து வரும். ஆசிரியர் ஒரு துண்டுத் தோலில் தைத்து, நடுவில் ஒரு தையலைக் கத்தியால் அறுத்து, "இழுத்துப் பார்" என்று என்னிடம் கொடுத்தார். இரண்டு கையாலும் இழுத்தேன். பிரியவில்லை. அப்பாவின் பர்ஸ் ஏன் அப்படிப் போனது என்று அப்போதுதான் புரிந்தது.

இரண்டாவது ஊசியை விடும்போதெல்லாம் துளைக்குள் இருக்கும் நூலையே குத்திவிடுவேன். முன்னும் போகாது, பின்னும் வராது. முதல் நூலைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டே ஊசியை நுழைக்க வேண்டும் என்று என் கையைப் பிடித்துக் காட்டினார். ஒரு தடவையா, இருபது தடவையா! ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்த மலாய்க்கார அம்மாவுக்கும் நன்றி; 'மக்சிக்' என்றுதான் கூப்பிடுவேன், மலாயில் 'அத்தை' மாதிரி. தைக்கும் நீளத்தைப்போல் நான்கு மடங்கு நூல் வேண்டும். நான் குறைவாக வெட்டிவிட்டுத் தவித்தபோது, தேன்மெழுகு தேய்த்த தன் நூலை அவர் வெட்டிக் கொடுத்தார். நான் அவசரப்பட்டால் "பெலான் பெலான்", மெதுவா மெதுவா, என்பார்.

மூன்றாம் வாரம் ஒரு துண்டுத் தோலை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல். அப்பா அதை மூக்கருகே வைத்து ரொம்ப நேரம் மோந்தார். அப்புறம் பேசத் தொடங்கினார்: ஊரில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டது, அந்தத் தெருவில் தாத்தா வேலை பார்த்தது, பள்ளி விட்டதும் இவர் அங்கே ஓடியது. இத்தனை வருடத்தில் நான் கேட்டே இராத கதை. எனக்கு அந்த வகுப்பு தந்ததில் பெரியது இதுதான்.

கடைசி வகுப்பு முடிந்தும் ஆசிரியர் கிளம்பவில்லை. வரிசையாகத் துளை போடும் பல் உளியால் புதிதாகத் துளையிட்டால் பழைய தோல் கிழிந்துவிடும் என்று, குத்தூசியால் பழைய துளைகளை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்து கொடுத்தார். நான் பின்னாலேயே தைத்துக்கொண்டு வந்தேன். அறுபத்து மூன்று துளை. மன்றத்தில் விளக்கை அணைக்க வந்தவரும் நாங்கள் முடிக்கும்வரை ஓரமாக நின்றார். அவருக்கும் நன்றி.

அப்பா பஸ், ரயிலுக்கான ஈஸிலிங்க் அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொண்டு இன்று காலை மார்க்கெட்டுக்குப் போனார். மக்சிக், நீங்கள் கொடுத்த நூலில் இன்னும் ஒரு முழம் மிச்சமிருக்கிறது. பர்ஸின் உள்பை ஓரம் லேசாகப் பிரிந்திருக்கிறது, அதைத் தைக்க எடுத்து வைத்திருக்கிறேன்.