அந்த நோட்டையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்

துகள் இயற்பியல் பரிசோதனைப் பிரிவில் பிஎச்.டி. மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். நானும் ஒருகாலத்தில் உங்கள் மேசைக்கு எதிரே உட்கார்ந்தவன்தான். இப்போது கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன்.

போன வருடம் என் எம்.எஸ்சி. மாணவி ஒருத்தி ப்ராஜெக்டுக்காகக் காஸ்மிக் கதிர் மியுவான்களை, அதாவது விண்வெளிக் கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதும்போது உண்டாகிற துகள்களை, எண்ணினாள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சின்டிலேட்டர் பலகைகள்; துகள் பாய்ந்தால் மெல்ல ஒளிர்பவை, அந்த ஒளியைத்தான் கருவி துடிப்பாக எண்ணும். இரண்டிலும் ஒரே கணத்தில் துடிப்பு வந்தால்தான் கணக்கு. கடல் மட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு மியுவான் வரும். ஆனால் மேல் பலகை கன்னாபின்னாவென்று எண்ணியது. சுற்றியிருந்த கறுப்புக் காகிதத்தில் எங்கோ வெளிச்சம் கசிகிறது. அறையை இருட்டாக்கிவிட்டு, டார்ச்சை ஓரம் ஓரமாக நகர்த்தி, எண்ணிக்கை எகிறுகிற இடத்தைத் தேடினாள். மூன்றாம் நாள் சாயங்காலம் கிடைத்தது: கேபிள் வெளியே வருகிற மூலையில் குண்டூசி முனையளவு ஓட்டை. கறுப்பு டேப்பை ஒட்டியதும் எண்ணிக்கை அடங்கிவிட்டது. அத்தனையும் தேதி போட்டு நோட்டில் எழுதிவைத்திருக்கிறாள்.

நேர்முகத் தேர்வில் அவளிடம் முக்கால் மணி நேரமும் குவாண்டம் மெக்கானிக்ஸ்தான் கேட்டார்கள். இரண்டு கேள்விகளில் தடுமாறினாள். நோட்டை யாரும் கேட்கவில்லை. இடம் கிடைக்கவில்லை.

குவாண்டம் தெரிய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைத்தான் ஜெஸ்ட் (JEST), நெட் (NET) என்கிற தகுதித் தேர்வுகள் ஏற்கெனவே சோதித்துவிட்டனவே. 1965-ல் கோலார் தங்கச் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்கிற, எதிலும் எளிதில் சிக்காத துகளின் சுவடு பிடிபட்டதும் சின்டிலேட்டர்களோடு மல்லுக்கட்டத் தெரிந்தவர்களால்தான்.

இன்னொன்று. ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி செர்ன் ஆய்வகத்தின் அட்லஸ், சி.எம்.எஸ். பரிசோதனைக் குழுக்கள் 2015-ல் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் 5,154 பேர் ஆசிரியர்கள். மொத்தம் 33 பக்கம்; அதில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும்தான். இப்படிப்பட்ட பட்டியலில் யார் எந்த ஓட்டையை அடைத்தார் என்று இருக்காது. மாணவர் அடுத்த வேலைக்குப் போகும்போது அதைப் பெரும்பாலும் உங்கள் பரிந்துரைக் கடிதம்தான் சொல்லியாக வேண்டும். சேரும் முன்பே மாணவர்களிடம் இதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். கைவேலையைப் பார்க்கிற பழக்கமும் நேர்முகத்திலேயே தொடங்கட்டும். பதினைந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்: "என்ன பழுதானது, எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேளுங்கள்.

அவள் இந்த வருடமும் விண்ணப்பித்திருக்கிறாள். நோட்டைக் கையோடு எடுத்துப்போகச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
ஓர் இயற்பியல் ஆசிரியர்