பேனா மூடியின் சத்தம்: குழுத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் குழுத் தலைவர்களுக்கு,

வணக்கம். நேற்றுவரை பக்கத்து இருக்கையில் இருந்தவர்களுக்கு இன்று நீங்கள் வேலை பிரித்துக் கொடுக்கிறீர்கள். திட்டம் போட, கணக்குக் காட்ட, ஆள் எடுக்க உங்களுக்குப் பயிற்சி கொடுத்திருப்பார்கள். உங்கள் முகத்தைக் குழு எப்படிப் படிக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். எனக்கும் சொல்லித்தரவில்லை.

அப்போது என் குழுவில் 11 பேர். ஒருநாள் சாயங்காலம், அவர்களில் வயதில் மிக இளையவர் என் மேசைப் பக்கம் வந்து நின்றார். "மேடம், அந்த அறிக்கையில..." என்று ஆரம்பித்தார். "சொல்லுங்க" என்றேன். கண் திரையில் இருந்தது. கை தன்பாட்டுக்குப் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. டக், டக். அவர் கொஞ்ச நேரம் நின்றார். "ஒண்ணும் இல்ல மேடம், நாளைக்குப் பேசிக்கலாம்" என்று போய்விட்டார். ஒரு பக்கத்தில் கூட்டுத்தொகை தப்பாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறார். மறுநாள் காலை தப்போடேயே அறிக்கை வெளியே போனது.

பிறகு தனியாக உட்கார்ந்து பேசியபோது, ஏன் சொல்லாமல் போனீர்கள் என்று கேட்டேன். தயங்கித் தயங்கித்தான் பதில் வந்தது. "நீங்க பேனா மூடியைத் தட்ட ஆரம்பிச்சா, அன்னைக்கு யாரும் எதுவும் சொல்ல வர மாட்டோம் மேடம். எல்லாருக்கும் தெரியும்."

11 பேருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அன்று அவர்மேல் எனக்குக் கோபமே கிடையாது. மதியம் வந்த ஒரு மின்னஞ்சல் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் கண்ணுக்குத் தெரிந்தது என் கைதான்.

1955இல் ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்ஹாம் என்ற இரண்டு உளவியலாளர்கள் 'ஜோஹாரி சாளரம்' என்று நான்கு கட்டம் கொண்ட ஒரு படம் போட்டார்கள். அதில் ஒரு கட்டம், மற்றவர்களுக்குத் தெரிந்து நமக்குத் தெரியாத விஷயங்களுக்கு. பதவி ஏற ஏற இந்தக் கட்டம் பெரிதாகிக்கொண்டே போகும் என்பது என் அனுபவம். முகத்துக்கு நேராகச் சொல்லக்கூடியவர்கள் குறைந்துவிடுகிறார்கள், அதுதான் காரணம். தன்னை அறிவது என்றால் கண்ணை மூடி உட்கார்ந்து யோசிப்பது என்று நாம் நினைக்கிறோம். அதுவும் வேண்டும். ஆனால் பேனா மூடியை நான் எத்தனை வருடம் யோசித்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

இது ஓர் அறிக்கையோடு நிற்கிற விஷயமாக இருந்தால் நான் மடல் எழுதியிருக்க மாட்டேன். 1978 டிசம்பர் 28 அன்று, அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் இறங்க வேண்டிய ஒரு டிசி-8 விமானத்தில் சக்கரம் சரியாக இறங்கியதா என்ற சந்தேகம் வந்தது. அனுபவம் மிக்க தலைமை விமானி அந்த ஒரு சிக்கலிலேயே மூழ்கிப்போனார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் விமானம் வானத்திலேயே சுற்றியது. எரிபொருள் குறைவதை உடன் இருந்தவர்கள் பார்த்தார்கள், சொல்லவும் செய்தார்கள். ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. அது அவர் காதில் ஏறவும் இல்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். விமானிக்குழு ஒருவரோடொருவர் பேசுவதற்கும் கேட்பதற்கும் தனியாகப் பயிற்சி கொடுக்கும் முறை வளர்ந்ததற்கு இந்த விபத்து ஒரு முக்கியக் காரணம். அந்த விமானி அலட்சியமானவர் இல்லை. அவருடைய கவனம் முழுவதும் ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டது. நமக்கும் தினம் அதுதான் நடக்கிறது.

மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது இந்தக் கணத்தில் கவனத்தோடு இருப்பது, என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்களே, அதற்கு மூலம் பாலி மொழியின் 'சதி' என்ற சொல். ஞாபகம் என்பது அதன் பழைய பொருள். எனக்கு இந்தப் பொருள்தான் பிடித்திருக்கிறது. எங்கே இருக்கிறோம், எதிரில் யார் நிற்கிறார், உள்ளே என்ன ஓடுகிறது என்ற ஞாபகம். இப்போதெல்லாம் யாராவது மேசைக்கு வந்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவேன். பாதம் தரையில் படுவதைக் கவனித்து ஒரு மூச்சு விடுவேன். உள்ளே இருப்பதற்கு மனசுக்குள் ஒரு பேர் வைப்பேன்: எரிச்சலா, பயமா, அவமானமா? கோபம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி பயம். உணர்ச்சிக்குப் பேர் வைக்கும்போது பயம் போன்ற உணர்ச்சிகளின்போது மூளையில் துடிப்பாகும் அமிக்டலா என்ற பகுதியின் கொதிப்பு தணிவதை உளவியலாளர் மேத்யூ லீபர்மனும் அவர் குழுவினரும் 2007இல் மூளை ஸ்கேன் வழியாகக் காட்டினார்கள். ஸ்கேன் இல்லாமலும் தெரிகிறது; குரல் தானாக இறங்கிவிடுகிறது.

அப்புறம், தூக்கம். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று 1997இல் ஓர் ஆய்வு கண்டது. காலை 6 மணிக்கு எழுந்தவர் இரவு 11 மணிக்கு எடுக்கும் முடிவைப் பற்றித்தான் இது பேசுகிறது. அந்த நேரத்தில் குழுவுக்குச் செய்தி அனுப்பாதீர்கள். "காலையில் பார்த்தால் போதும்" என்று சேர்த்து எழுதினாலும், அனுப்பியது நீங்கள் என்பதால் அவர்கள் அப்போதே எழுந்து பார்ப்பார்கள். எழுதி வைத்துவிட்டுக் காலையில் அனுப்புங்கள்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். நடுராத்திரிச் செய்தியும் முடியாத கெடுவும் உங்களிடமிருந்தே போய்க்கொண்டிருக்கும்போது, குழுவைத் தியான வகுப்புக்கு அனுப்பாதீர்கள். தியானத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தலைவர் தன்னிடம் சரிசெய்ய வேண்டியதை, மற்றவர்கள் மூச்சைப் பிடித்துத் தாங்கிக்கொள்ளச் சொல்வது நியாயம் இல்லை.

நாளைக்கு, உங்களிடம் கொஞ்சம் துணிந்து பேசக்கூடிய ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்: "நான் பதற்றமாக இருப்பது உங்களுக்கு எதைப் பார்த்துத் தெரியும்?" உடனே பதில் வராது. மறுபடி இன்னொரு நாள் கேளுங்கள். பதில் வரும்போது குறுக்கே பேசாதீர்கள், "அது அப்படி இல்ல" என்று விளக்கம் சொல்லாதீர்கள். நன்றி சொல்லி, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் குறிப்பேட்டில் இப்போது ஐந்து இருக்கின்றன. பேனா மூடிதான் முதல் வரி.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஒருத்தி