என் கால் கட்டைவிரலைப் பற்றி

அன்புள்ள கதிருக்கு,

சர்க்கரையால் நரம்பு தளர்ந்த என் காலைப் பற்றிப் போனில் நீ கேட்டதற்கு அன்றைக்குப் பதில் சொல்ல வரவில்லை. "மரத்துப் போச்சுன்னு சொல்றே, எரியுதுன்னும் சொல்றே. ஒரே கால்ல ரெண்டும் எப்படிம்மா?" நியாயமான கேள்விதான். முப்பது வருஷம் விலங்கியல் வகுப்பில் நியூரான் படம் போட்டுப் பாகம் குறித்தவளுக்கே யோசிக்க ஒரு வாரம் ஆகிவிட்டது.

செருப்பில் குண்டூசி ஏறியதைச் சொன்னேன் இல்லையா? அதோடு அரை நாள் நடந்திருக்கிறேன். தரையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் காலைத் திருப்பினேன். மறுநாள் டாக்டர் இசைக்கவையைத் தட்டிக் கட்டைவிரல் எலும்பின் மேல் வைத்தார். நொடிக்கு 128 முறை அதிரும் கவை அது. எனக்கு வெறும் ஜில்லென்ற இரும்பாகக்கூடத் தெரியவில்லை. கணுக்காலில் லேசாக, முழங்காலில் நன்றாக. கை விரலிலோ அதிர்வு முழுசாக இருந்தது.

ஊசி ஒரு வகை நரம்பு இழைக்கான சோதனை, கவை வேறொரு வகைக்கு. தொடுதலையும் அதிர்வையும் கொண்டுபோவது ஏ-பீட்டா இழை. 6 முதல் 12 மைக்ரான் தடிமன். ஷ்வான் செல்கள் என்ற துணைச் செல்கள் வரிசையாக உட்கார்ந்து அதைச் சுற்றிச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறையைப் போர்த்தியிருக்கும். வகுப்பில் இதை மின்கம்பியின் பிளாஸ்டிக் உறைக்கு ஒப்பிட்டுத்தான் சொல்வேன், ஆனால் அது பாதி தப்பு. கம்பி உறையில் இடைவெளி இருந்தால் ஆபத்து. மயலினிலோ கிட்டத்தட்ட மில்லிமீட்டருக்கு ஒன்றாக இருக்கும் ரான்வியர் கணுக்கள் என்ற இடைவெளிகளில்தான் மின்துடிப்பு புதுப்பிக்கப்படுகிறது. கணுவிலிருந்து கணுவுக்குத் தாவுவதால்தான் நொடிக்கு 35 முதல் 75 மீட்டர் வேகம்.

வலிக்கு இரண்டு வகை. ஏ-டெல்டா இழைக்கு மெல்லிய உறை, நொடிக்கு 5 முதல் 30 மீட்டர். சி இழைக்கு உறையே கிடையாது. ஒரே ஷ்வான் செல்லின் மடிப்புகளுக்குள் பல சி இழைகள் ஒண்டிக் கிடக்கும், வேகம் ஒரு மீட்டர் சொச்சம்தான். கட்டிலில் கால் விரலை இடித்துக்கொண்டால் முதலில் சுரீர் என்கிறது, ஒரு நொடி கழித்து விண்விண்ணென்று தெறிக்கிறதே? முன்னது ஏ-டெல்டா, பின்னால் வருவது சி.

(ஏ, சி என்றால் பி எங்கே மிஸ் என்று வருஷம் தவறாமல் ஒரு பிள்ளை கேட்கும். பி உண்டு, ஆனால் அது இதயத்துடிப்பு, செரிமானம் போன்றவற்றை நம்மைக் கேட்காமல் கவனிக்கும் தன்னியக்க நரம்பு மண்டலத்து இழை. வேகத்தை வைத்துப் பிரித்து எழுத்து வைத்த எர்லாங்கர், காசர் இருவருக்கும் 1944-இல் நோபல் கிடைத்தது. பெயரும் கொஞ்சம் யோசித்து வைத்திருக்கலாம்.)

சி என்றாலே வலி என்று எடுத்துக்கொள்ளாதே. ரோமமுள்ள தோலை மெதுவாக வருடினால் மட்டும் நன்றாகத் துடிக்கும் ஒரு சி வகை இருக்கிறது. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகம் அதற்குப் பிடிக்கும். நீ கைக்குழந்தையாக இருந்தபோது முதுகைத் தடவித் தூங்கவைத்தேனே, கிட்டத்தட்ட அந்த வேகம்தான்.

சரி, உன் கேள்வி. இந்த இழைகளின் செல் உடல் விரலில் இல்லை, முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சில் இருக்கிறது. அங்கிருந்து கட்டைவிரல் நுனிவரை ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரத்துக்கு ஒரே செல் தீனி போட்டாக வேண்டும். பல வருஷச் சர்க்கரையில் தளரும்போது நீளமான இழையின் நுனிதான் முதலில் பட்டுப்போகும். கை விரல் தப்பித்தது தூரம் குறைவு என்பதால்.

நுனி தோலை விட்டுப் பின்வாங்கிவிட்டால் ஊசி குத்துவதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை. ஆனால் மிச்சமிருக்கும் இழை சும்மா இருப்பதில்லை. அடிபட்ட முனை எதுவும் தொடாமலே தானாகத் துடிக்கிறது. மூளைக்கு அந்த இழை என்றால் கட்டைவிரல், அந்த விலாசத்தை அது மாற்றிக்கொள்வதே இல்லை. அதனால் மரத்த இடமே எரிகிறது. ராத்திரி படுத்தால் இன்னும் அதிகம். போர்வை உரசினால்கூடச் சுள்ளென்கிறது.

டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார், எரிச்சல் கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கிறது. அது எரிச்சலுக்குத்தானாம், போன உணர்வைத் திருப்பித் தராது. அதனால் தினமும் ராத்திரி எட்டரைக்குச் சின்னக் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். செருப்பைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிய பிறகுதான் போடுகிறேன். கை விரலுக்குத்தான் இன்னும் எல்லாம் தெரிகிறதே.

ஒன்பது மணிக்கு மேல் கூப்பிடு. அதற்கு முன்னால் ஒரு கையில் கண்ணாடி, இன்னொரு கையில் கால்.

அன்புடன்,
அம்மா