சத்திரக்காரன் எழுதுவது

டிசம்பர் 14, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நான் நலம். நீ, மாமா, பிள்ளைகள், மாடு கன்று எல்லாம் நலம்தானே?

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. எழுத்து பேத்தியுடையது, வசவு உன்னுடையது. 'போன் இருக்கிற காலத்தில் கடுதாசி போட வைத்துவிட்டாயே' என்று ஆரம்பித்திருக்கிறாய். போன டிசம்பர் புயலில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியபோது மணிக்கு ஒருதரம் கூப்பிட்டவன், சித்திரைக்கு அப்புறம் வாயே திறக்கவில்லை. தப்புதான். வேலை என்று சொல்லலாம் என்று பார்த்தால், வேலையை விட்டவனுக்கு என்ன வேலை என்று கேட்பாய்.

மாமன் போர்ச்சுகலில் சத்திரம் நடத்துகிறார் என்று சின்னவன் சொன்னானாமே. சத்திரமெல்லாம் இல்லை. இரண்டு அறை, நாலு கட்டில். என் வீட்டு வாசல் வழியாகத்தான் ஸ்பெயினில் இருக்கிற சந்தியாகோ கோயிலுக்குப் பாதயாத்திரை போகிறார்கள். நம் ஊரில் பழனிக்குப் போகிற மாதிரி. போர்ட்டோ நகரத்திலிருந்து 240 கிலோமீட்டர், பன்னிரண்டு பதிமூன்று நாள் நடை. யேசுவின் சீடர் யாக்கோபின் சமாதி அங்கே இருக்கிறது என்பது நம்பிக்கை. வழி தவறாமல் இருக்கச் சுவரிலும் கல்லிலும் மஞ்சள் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். என் கொல்லைச் சுவரிலும் ஒன்று உண்டு. வீடு வாங்கிய வருஷம் ஒருநாள் சாயங்காலம் போலந்துக்காரப் பையன் ஒருத்தன் சைக்கிளில் நனைந்துகொண்டு வந்து நின்றான். உள்ளே கூப்பிட்டேன். அப்படித்தான் ஆரம்பம். தாத்தா திண்ணையில் வழிப்போக்கர்கள் படுத்துக் கிடப்பார்களே, அதேதான். என்ன, இங்கே நகராட்சியில் பதிந்து பலகை மாட்ட வேண்டும். வெளிநாட்டுக்காரர் தங்கினால் மூன்று வேலை நாளுக்குள் பாஸ்போர்ட் விவரத்தை அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டும். தாத்தாவிடம் இதைக் கேட்டிருந்தால் திண்ணையை இடித்திருப்பார்.

வாடகை என்று வாங்குவதில்லை. அலமாரியில் ஒரு தகர டப்பா வைத்திருக்கிறேன், போகும்போது இஷ்டப்பட்டதைப் போடுவார்கள். காசுக்காகச் செய்கிற காரியம் இல்லை இது.

அலமாரி என்றதும் ஞாபகம் வருகிறது. வந்த புதிதில் ஒருநாள் மழை. எதிர்வீட்டுக் கிழவி தெருவில் நின்று 'ஜனேலா! ஜனேலா!' என்று கத்துகிறாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது, நம் பாஷையிலா கத்துகிறாள் என்று. மாடி ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டு வந்திருந்தேன். ஜன்னல், சாவி, மேசை, அலமாரி, வராந்தா எல்லாம் இவர்கள் கப்பலில் கொண்டுவந்து நமக்குக் கொடுத்த வார்த்தைகளாம். இவர்கள் நம் பக்கத்திலிருந்து எடுத்துப்போனது மாங்காய். கடையில் 'மாங்கா' என்றேதான் சொல்கிறார்கள். ஒரு பழத்தை எடுத்து முகர்ந்து பார்த்தேன், ஒரு வாசமும் இல்லை. விலையைப் பார்த்துத் திரும்ப வைத்துவிட்டேன்.

கிழவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பதைத் தாண்டியவள். புருஷன் செத்ததிலிருந்து கறுப்புதான் உடுத்துகிறாள், நம் பாட்டி வெள்ளை உடுத்தின மாதிரி. என்னை 'எஞ்சினியர் ஐயா' என்றுதான் கூப்பிடுவாள். இங்கே பட்டம் சேர்த்துக் கூப்பிடுவது மரியாதை. ஆனால் மரியாதை அதோடு சரி. யாத்திரைக்காரர்கள் அவள் மரத்து எலுமிச்சையைப் பறித்தால் திட்டு எனக்கு. என் திராட்சைக் கொடியைச் சரியாகக் கவாத்து செய்யவில்லை என்று ஒருநாள் கத்தரிக்கோலோடு அவளே வந்துவிட்டாள். சனிக்கிழமை தவறாமல் ஒரு சட்டி சூப் வரும். உருளைக்கிழங்கை வேகவைத்துக் கடைந்து, கீரையை நூல் நூலாக அரிந்து போட்டது. இலைகளைச் சுருட்டி இடது கையில் பிடித்துக்கொண்டு, பலகை இல்லாமல், சரக் சரக்கென்று சீவுவாள். விரல் போகப்போகிறது என்று எனக்குப் பயமாக இருக்கும். பன்றிக்கறித் துண்டை எனக்கு மட்டும் போடமாட்டாள். கூடவே சோள ரொட்டி. மேல்தோல் கல்லு மாதிரி, உள்ளே ஈரமாக, கொஞ்சம் கனமாக. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் நேற்றைய களி என்று சொல்லலாம்.

களியும் கிண்டினேன். போன தடவை நீ கட்டிக்கொடுத்த ராகி மாவு கடைசியாக இரண்டு கை இருந்தது. செப்டம்பரில் கொரியாக்காரப் பெண் ஒருத்தி வந்திருந்தாள், இந்தப் பாதையில் அவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். அவளுக்காகக் கிண்டினேன். துடுப்பு இல்லை, மரக்கரண்டிதான், பாதியில் காம்பு முறிந்துவிட்டது. மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டேன். அவள் மென்றுகொண்டே இருக்கிறாள், களி வாயை விட்டுப் போகவே இல்லை. மரியாதைக்காகச் சிரித்துக்கொண்டே மென்றாள், பாவம். பிறகு கீரைக் கடைசலில் புரட்டி நான் விழுங்கிக் காட்டினேன். இரண்டாவது உருண்டை கேட்டு வாங்கினாள்.

இப்போது ஆட்கள் வருவதில்லை. அக்டோபரோடு சரி, இனி ஏப்ரலில்தான். மழை, மழை, மழை. ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் இருந்தபோது குளிர் வீட்டுக்கு வெளியே இருந்தது, இங்கே உள்ளே இருக்கிறது. பழைய கருங்கல் வீடு. பீரோவில் இருக்கிற செருப்புக்கூடப் பூஞ்சணம் பூத்துவிட்டது. ஓர் அறையை மட்டும் சூடு பண்ணிக்கொள்கிறேன். ஒருத்தனுக்கு ஓர் அறை போதாதா? காரை விற்றுவிட்டேன், நடந்தால் உடம்புக்கு நல்லது. வீட்டுக்காரிக்கு வேலை இருப்பதால் ஸ்டுட்கார்ட்டிலேயே இருக்கிறாள், லீவு கிடைக்கும்போது வருவாள். மாமாவிடம் சொல், பென்ஷன் கட்டாயம் வரும், 67 வயதில். அதுவரை கையில் இருப்பதே போதும்.

இங்கே பார்செலோஸ் என்ற ஊரில் வியாழக்கிழமை சந்தை. கோழி, வாத்து, கீரைக்கட்டு, மண்சட்டி, துணி, எல்லாம் ஒரே மைதானத்தில். போன வாரம் பஸ்ஸில் போனேன். ஒரு பெண்பிள்ளை கால் கட்டிய சேவலைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு விலை பேசிக்கொண்டிருந்தாள். போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையில் உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேனே, நிப்பட்டு வாங்கித் தந்தால்தான் வருவேன் என்று. நீ ரவிக்கைத் துணிக்கு வைத்திருந்த காசை எடுத்து வாங்கித் தந்தாய். அங்கேயே ஓரமாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். பஸ் போய்விட்டது.

அதை விடு. மாந்தோப்பு விஷயத்துக்கு வருகிறேன்.

கிலோ அஞ்சு ரூபாய்க்குப் பெங்களூரா மாங்காயைக் கேட்டார்கள், பறிகூலிக்கே கட்டவில்லை என்று எழுதியிருந்தாய். அண்ணனுக்குக் கோபம் வருவது நியாயம்தான். அதற்காக மூன்று வருஷக் குத்தகைக்கு ஒரேயடியாக விட்டுவிடலாம் என்பது சரியில்லை. குத்தகைக்காரன் முதல் வருஷமே பூப்பிடிக்க வேரில் மருந்து ஊற்றுவான், மூன்றாம் வருஷம் மரத்தை நம்மிடம் விட்டுவிட்டுப் போய்விடுவான். அப்பா சந்தூரிலிருந்து ஒட்டுக்கன்று வாங்கி வண்டியில் ஏற்றி வந்து வைத்த மரங்கள் அவை. ஒரு வருஷத்துக்கு மட்டும் விடட்டும், மருந்து ஊற்றக்கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வாங்கட்டும். தையில் பூ எடுப்பதற்குள் முடித்துவிடச் சொல்.

ரோட்டோர இரண்டு ஏக்கரை மனை போடக் கேட்கிறார்கள் என்றாயே, அதற்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன். பவர் எழுதிக் கொடுப்பதென்றால் பெரும்பாலும் லிஸ்பன் தூதரகத்துக்குப் போய்த்தான் கொடுக்க வேண்டியிருக்கும். அண்ணனிடம் அதையே காரணமாகச் சொல்லிவை. நான் மறுத்தேன் என்று சொல்லாதே, பேச்சு நின்றுவிடும்.

இன்னொன்று. என் பங்குக் குத்தகைப் பணத்தை இத்தனை வருஷமும் நீயே வைத்துக்கொள் என்றுதான் சொல்லியிருக்கிறேன். இந்த வருஷம் மட்டும் பாதியை என் கணக்கில் போட முடியுமா? கூரையில் ஓடு மாற்ற வேண்டும், அவ்வளவுதான், வேறு எதுவும் நினைக்காதே. பேத்தி காலேஜ் பீஸ் கட்டவேண்டியிருந்தால் அதுதான் முதலில்.

சின்னவன் பெங்களூரிலிருந்து ஜெர்மனிக்கு வரப்போகிறான் என்றாயே, களித் துடுப்பு ஒன்று கொடுத்தனுப்பு. நீளமாக வேண்டாம், பெட்டிக்குள் அடங்கட்டும். மாவு இரண்டு படி.

அடுத்த ஞாயிறு நீ சந்தைக்குக் கிளம்புவதற்கு முன்னால், பத்து மணிக்குக் கூப்பிடுகிறேன். இங்கே அப்போது விடிகாலை நாலரை. பரவாயில்லை, விழித்துத்தான் இருப்பேன்.

உன் தம்பி